டேங்கில் பெயர் இருக்கிறது, கம்பெனி எங்கே?

எனக்கு பி.எஸ்.ஏ. என்றால் சைக்கிள். எண்பதுகளில் தமிழ்நாட்டில் பள்ளிக்கூடம் போன யாரைக் கேட்டாலும் அதைத்தான் சொல்வார்கள். அம்பத்தூரில் செய்த பி.எஸ்.ஏ. எஸ்.எல்.ஆர். வாங்கித் தரச் சொல்லி அப்பாவை நச்சரித்த கூட்டத்தில் நானும் ஒருவன். அந்த மூன்று எழுத்துக்கு விரிவு என்ன என்று ஒருநாளும் யோசித்ததில்லை. வேலைக்காகத் தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்கு வந்து, அங்கே இந்தியர்கள் வாழும் சாட்ஸ்வொர்த் பகுதியில் ஒரு வீட்டுக் கராஜில், பச்சை பெயிண்ட் உதிர்ந்த பழைய மோட்டார் சைக்கிளின் டேங்கில் அதே எழுத்துகளைப் பார்த்தபோதுதான் கேட்கத் தோன்றியது.

"பர்மிங்ஹாம் ஸ்மால் ஆர்ம்ஸ், தம்பி. துப்பாக்கி செய்றவன்" என்றார் வண்டிக்குச் சொந்தக்காரர்.

எழுபத்தைந்தைத் தாண்டிய அவரை நான் மாமா என்று கூப்பிடுகிறேன். அவருடைய கொள்ளுத் தாத்தா வட ஆற்காட்டிலிருந்து கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலியாகக் கப்பலேறியவர். இங்கே இந்த வயதுக்காரர்களிலும் தமிழ் பேசுகிறவர்கள் குறைவு. மாமா பேசுவார். பாதி ஆங்கிலம், மீதி ஆற்காட்டுத் தமிழ். ஞாயிற்றுக்கிழமை காலையில் கோயிலுக்குப் போய்வந்த கையோடு நான் அந்தக் கராஜில் உட்கார்ந்துவிடுவேன். ஸ்பானர் எடுத்துக் கொடுப்பதுதான் என் வேலை.

வண்டி எம்20. 496 சிசி, சைடு வால்வு, ஒற்றை சிலிண்டர். பின்னால் ஷாக் அப்சார்பர் கிடையாது, சீட்டுக்கு அடியில் இரண்டு ஸ்பிரிங் மட்டும். பவர் 13 குதிரைசக்தி. இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் ராணுவத்துக்காக பி.எஸ்.ஏ. இந்த மாடலில் மட்டும் சுமார் 1,26,000 வண்டிகள் செய்தது. போர் முடிந்ததும் உலகம் முழுக்க இவை மலிவு விலைக்கு வந்தன. அப்படி வந்த ஒன்றை மாமாவின் அப்பா வாங்கி, பக்கவாட்டில் பெட்டி மாட்டி, கேட்டோ மேனரிலிருந்து விடியற்காலையில் டர்பன் மார்க்கெட்டுக்குக் காய்கறி ஏற்றிப் போயிருக்கிறார். 1950-இல், எந்த இனத்தவர் எங்கே குடியிருக்கலாம் என்று பிரிக்கும் குழுப் பகுதிச் சட்டம் வந்தது. அறுபதுகளில் கேட்டோ மேனர் இந்தியர்களைப் பிடுங்கி சாட்ஸ்வொர்த்தில் நட்டபோது, அண்டா குண்டான்களோடு அதே பெட்டியில்தான் குடும்பம் வந்து இறங்கியது.

வண்டி நிற்கிறது. செய்த கம்பெனி போய் ஐம்பது வருஷம் ஆகிவிட்டது. பி.எஸ்.ஏ. மட்டும் போகவில்லை. ஏ.ஜே.எஸ்., மேட்ச்லெஸ், வெலோசெட், வின்சென்ட், ரட்ஜ், சன்பீம், ஏரியல், டக்ளஸ், ஸ்காட் என்று மாமா சொல்லும் பெயரெல்லாம் ஒரு காலத்தில் டர்பன் தெருவில் ஓடியவை. "ஜப்பான்காரன் வந்தான், இங்கிலீஷ்காரன் செத்தான்" என்று ஒரே வரியில் முடிப்பதுதான் வழக்கம். அந்த வரி தப்பில்லை, ஆனால் கதையின் கடைசிப் பக்கம் மட்டும்தான் அது.

முதலில் இந்த ஊர்ச் சாலையிலிருந்து தொடங்குகிறேன். 1913-லிருந்து 1936 வரை டர்பனுக்கும் ஜோகன்னஸ்பர்க்குக்கும் இடையே மோட்டார் சைக்கிள் பந்தயம் நடந்தது. பொதுச் சாலையில், மண் ரோட்டில், ஆறு குறுக்கிட்டால் ஆற்றில் இறங்கி. சாலையில் வண்டிகள் பெருகியதும் இனி முடியாது என்று நிறுத்திவிட்டார்கள். அதன் நினைவாக இப்போது ஒரு ஓட்டம் நடக்கிறது, வழக்கமாக மார்ச்சில். சுமார் 700 கிலோமீட்டர், இரண்டு நாள், நடுவில் நியூகாசிலில் இரவுத் தங்கல். இது வேகப் போட்டி இல்லை. கொடுத்த சராசரி வேகத்தைப் பிசகாமல் பிடிப்பவருக்கே வெற்றி. 1936 டிசம்பர் 31-க்குள் செய்த வண்டிகளுக்கு மட்டும் அனுமதி. மாமாவின் வண்டிக்கு இடமில்லை; எம்20 மாடலே 1937-இல்தான் வந்தது. "ஒரு வருஷத்துல தப்பிப் போச்சு" என்று அவர் அலுத்துக்கொள்வார். உண்மையில் அவர் வண்டி போர்க்காலத்தது, இன்னும் நாலைந்து வருஷம் கூடும். நான் திருத்துவதில்லை.

பழைய மாரிட்ஸ்பர்க் சாலையோரம் நின்று அந்த ஓட்டத்தைப் பார்த்தால், காணாமல் போன கம்பெனிகளின் வருகைப் பதிவேட்டை யாரோ வாசிப்பது போல இருக்கும். சன்பீம் ஒன்று போகும்: கருகரு பெயிண்ட், தங்கக் கோடு, கண்ணாடி போல. அந்தக் கம்பெனியை நடத்திய ஜான் மார்ஸ்டன் அதற்கு முன்பு பெயிண்ட் பூசிப் பளபளப்பாக்கிய தகரப் பாத்திரங்கள் செய்தவர், கைப்பழக்கம் போகுமா? ஸ்காட் வரும்போது சத்தமே வேறு. டூ ஸ்ட்ரோக், தண்ணீரில் குளிரும் என்ஜின், யாரோ தொண்டையைத் திறந்து ஊளையிடுகிற மாதிரி. அமெரிக்க வண்டியான இந்தியனும் இருக்கும். டேங்கில் கொட்டை எழுத்தில் "இந்தியன்" என்று போட்டிருப்பதைப் பார்த்து இங்குள்ள நம்மவர்கள் அடிக்கும் ஜோக்குகளை எழுத முடியாது.

அந்தச் சாலையை இன்னொரு காரணத்துக்காகவும் நினைக்காமல் இருக்க முடியவில்லை. பந்தயம் தொடங்கிய அதே 1913-இல், டிரான்ஸ்வால் மாகாணத்திலிருந்து நேட்டால் மாகாணத்துக்கு வந்த தமிழ்ப் பெண்கள் நியூகாசில் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளிகளிடம் போய்ப் பேசி வேலை நிறுத்தத்துக்கு இழுத்தார்கள். நியூகாசிலிலிருந்து எல்லையோர ஊரான சார்லஸ்டவுன் 36 மைல், தொழிலாளிகள் நடந்தே வந்தார்கள். நவம்பர் 6-ஆம் தேதி காந்தியோடு 2,037 ஆண்களும் 127 பெண்களும் 57 குழந்தைகளும் எல்லை தாண்டி டிரான்ஸ்வாலின் வோல்க்ஸ்ரஸ்டுக்குள் நுழைந்தார்கள். அனுமதியில்லாமல் நுழைவதுதான் போராட்டமே. அந்த வருஷம் வந்த குடியேற்றச் சட்டப்படி இந்தியர் ஒரு மாகாணத்திலிருந்து இன்னொன்றுக்குப் போகச் சீட்டு வேண்டும். அந்த நிலை 1975 வரை நீடித்தது. ஆக, நேட்டாலில் ஒரு தமிழன் கையில் எவ்வளவு வேகமான வண்டி இருந்தாலும் வோல்க்ஸ்ரஸ்டில் நிறுத்திக் காகிதம் காட்ட வேண்டும். மாமாவின் அப்பா கடைசிவரை ஜோகன்னஸ்பர்க் பார்த்ததில்லை.

சரி, கம்பெனிகளுக்கு வருகிறேன். அந்தக் காலத்தில் பிரிட்டனில் மட்டும் நூற்றுக்கணக்கில் மோட்டார் சைக்கிள் கம்பெனிகள். எப்படி இத்தனை? மாமாவின் எம்20-ஐயே பிரித்துப் பார்த்தால் பதில் கிடைக்கும். என்ஜினும் ஃபிரேமும் பி.எஸ்.ஏ. சொந்தமாகச் செய்தவை. ஆனால் கார்பரேட்டரில் ஆமல் என்று இருக்கிறது. தீப்பொறி தரும் மேக்னட்டோவும் விளக்குக்கு மின்சாரம் தரும் டைனமோவும் லூகாஸ். வேகமானி ஸ்மித்ஸ். பி.எஸ்.ஏ. போன்ற ஜாம்பவானே இவ்வளவு வெளியில் வாங்கியது என்றால் சின்னக் கம்பெனிகளைக் கேட்கவே வேண்டாம். என்ஜின் வேண்டுமா? லண்டனில் ஜே.ஏ.பி. இருக்கிறது. சின்ன டூ ஸ்ட்ரோக் போதுமா? வோல்வர்ஹாம்ப்டனில் வில்லியர்ஸ். கியர் பெட்டிக்கு ஸ்டர்மி ஆர்ச்சரோ பர்மனோ. சீட்டுக்கு புரூக்ஸ். இரும்புக் குழாயை வளைத்துப் பற்ற வைக்கத் தெரிந்த ஒரு சைக்கிள் கடைக்காரர், இதையெல்லாம் வரவழைத்து மாட்டி, டேங்கில் தன் பெயரை எழுதினால் அவரும் தயாரிப்பாளர்.

நம் ஊரில் லாரிக்கு பாடி கட்டும் பட்டறைகள் மாதிரி என்று வைத்துக்கொள்ளலாம். சேசிஸ் ஒருவர், பாடி ஒருவர். நாமக்கல்லில் எத்தனை பட்டறை இருக்கிறது என்று எண்ணினால் எப்படித் தலை சுற்றுமோ அப்படித்தான் 1920-களின் பர்மிங்ஹாமும் கவென்ட்ரியும். இதில் இழிவு ஒன்றும் இல்லை. மோட்டார் சைக்கிளின் ரோல்ஸ் ராய்ஸ் என்று பெயர் வாங்கிய பிரஃப் சுப்பீரியர்கூட ஜே.ஏ.பி. என்ஜினிலும் பிறகு மேட்ச்லெஸ் என்ஜினிலும் ஓடியதுதான். ஜார்ஜ் பிரஃப் 1919-லிருந்து 1940 வரை செய்தது மொத்தமே சுமார் 3,000. அரேபியாவின் லாரன்ஸ் 1935-இல் விழுந்து இறந்தது அவற்றில் ஒன்றிலிருந்துதான்.

இப்படிப் பிறப்பது எளிது என்றால் சாவதும் எளிது. 1922-இல் ஆஸ்டின் செவன் கார் வந்தது. பெட்டி மாட்டிய மோட்டார் சைக்கிளுக்குக் கொடுக்கும் காசோடு கொஞ்சம் சேர்த்தால் கூரையுள்ள நாலு சக்கரம். மனைவி மக்களோடு மழையில் நனைந்தவன் எதை வாங்குவான்? பிறகு 1929-இன் பொருளாதாரச் சரிவு. சின்னப் பட்டறைகள் கொத்துக் கொத்தாக மூடின. மிச்சம் இருந்தவை ஒன்றையொன்று விழுங்கின. ஏ.ஜே.எஸ். கம்பெனியை 1931-இல் மேட்ச்லெஸ் வாங்கியது. சன்பீம் 1937-இல் அதே வீட்டுக்குள் போய், 1943-இல் அங்கிருந்து பி.எஸ்.ஏ.விடம் வந்தது. ரட்ஜ் போர் தொடங்கியதோடு நின்றது. ஜப்பான்காரன் அப்போது இந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

ஏ.ஜே.எஸ். கதையில் ஒரு வேடிக்கை. வாங்கிய பிறகு இரண்டு பெயரிலும் ஏறக்குறைய ஒரே வண்டியைத்தான் விற்றார்கள். டேங்கில் பெயர் வேறு, அப்புறம் மேக்னட்டோ இருக்கும் இடம் வேறு. சிலிண்டருக்கு முன்னால் இருந்தால் ஏ.ஜே.எஸ்., பின்னால் இருந்தால் மேட்ச்லெஸ். இதை வைத்துக்கொண்டு எது உசத்தி என்று சண்டை போட்ட ஆட்கள் டர்பனில் இருந்தார்களாம். மாமாவே ஒரு பக்கம் நின்று சண்டை போட்டவர்தான், எந்தப் பக்கம் என்று இப்போது சொல்ல மறுக்கிறார்.

பெயர் ஒரு பக்கம், தொழிற்சாலை இன்னொரு பக்கம் என்று பிரிவது அப்போதே தொடங்கிவிட்டது. இதை மனத்தில் வைத்துக்கொண்டால் பிற்பாடு நடந்தது புரியும்.

போருக்குப் பிந்தைய பதினைந்து வருஷம் பி.எஸ்.ஏ.வின் பொற்காலம். 1944-இல் ஏரியலையும் 1951-இல் டிரையம்ப்பையும் வாங்கி, உலகின் மிகப் பெரிய மோட்டார் சைக்கிள் கம்பெனிகளில் ஒன்றாக நின்றது. தென்னாப்பிரிக்காவும் அப்போது பவுண்டு நாணயத்தில் இருந்த நாடு. 1961-இல்தான் ராண்ட் வந்தது. பிரிட்டிஷ் வண்டி வாங்குவது இங்கே பழக்கம். அதிலும் சின்ன வண்டியான பேண்டம் வேலைக்குப் போகிறவர்களின் வண்டி. கராஜின் மூலையில் மாமா ஒரு பேண்டம் என்ஜினைச் சாக்கில் கட்டி வைத்திருக்கிறார். அதன் பூர்வீகத்தைக் கேட்டால் சிரிப்பு வரும்.

1928 வாக்கில் உலகிலேயே அதிக மோட்டார் சைக்கிள் செய்த கம்பெனி ஜெர்மனியின் டி.கே.டபிள்யூ. அது செய்த ஆர்.டி.125 என்ற சின்ன டூ ஸ்ட்ரோக் வண்டியின் வரைபடங்களைப் போரில் வென்றவர்கள் நஷ்ட ஈடாக எடுத்துக்கொண்டார்கள். ரஷ்யாவில் அது மாஸ்க்வா ஆனது. அமெரிக்காவில் ஹார்லி அதை வைத்து ஒரு வண்டி போட்டது. பி.எஸ்.ஏ. 1948-இல் பேண்டம் என்று விற்றது. பிரிட்டிஷ் வழக்கப்படி கியர் லீவர் வலது பக்கம் வர வேண்டும் என்பதற்காக வரைபடத்தைக் கண்ணாடியில் பார்க்கிற மாதிரி இடம்வலமாக மாற்றிவிட்டார்கள். ஜப்பானில், இசைக்கருவிகள் செய்துகொண்டிருந்த ஒரு கம்பெனி அதே வண்டியை முன்மாதிரியாக வைத்து 1955-இல் தன் முதல் மோட்டார் சைக்கிளைச் செய்தது. அந்தக் கம்பெனி யமஹா.

ஒரே விதை, இரண்டு நிலம். யமஹா அதிலிருந்து கற்றுக்கொண்டு வருஷத்துக்கு வருஷம் மாற்றியது. பி.எஸ்.ஏ.வோ மூன்று கியர் பெட்டியை 1960-களின் நடுப்பகுதி வரை கட்டி இழுத்தது. பேண்டம் 1971 வரை வந்தது. கடைசி வண்டிக்கும் பெட்ரோல் டேங்கிலேயே ஆயிலைக் கலந்து ஊற்ற வேண்டும். விற்றுக்கொண்டிருக்கிறதே, எதற்குச் செலவு என்ற நினைப்பு. இந்த நினைப்பைத்தான் நான் முக்கியமான குற்றவாளியாகப் பார்க்கிறேன்.

1958-இல் ஹோண்டா சூப்பர் கப் வந்தது. ஃபோர் ஸ்ட்ரோக், கையால் கிளட்ச் பிடிக்க வேண்டாம், செயின் முழுக்க மூடியது, காலில் சேறு தெறிக்காமல் பிளாஸ்டிக் மறைப்பு. மோட்டார் சைக்கிள் பிடிக்காதவனுக்கான மோட்டார் சைக்கிள். 2017-இல் அந்த வரிசை பத்துக் கோடி வண்டிகளைத் தாண்டியது. 1960-இல் டிரையம்ப்பின் புகழ்பெற்ற வடிவமைப்பாளர் எட்வர்ட் டர்னர் ஜப்பான் போய் அந்தத் தொழிற்சாலைகளைப் பார்த்தார். மிரண்டுபோய்த் திரும்பி அறிக்கையும் எழுதினார். ஆக, தெரியாமல் கெட்டார்கள் என்று சொல்வதற்கில்லை. தெரிந்தும், ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டார்கள்: ஜப்பான்காரன் சின்ன வண்டியில் பையன்களுக்கு ஓட்டக் கற்றுக் கொடுக்கட்டும், பெரியவர்களானதும் நம்மிடம்தான் பெரிய வண்டிக்கு வருவார்கள்.

அடுத்த வருஷமே பந்தயத்தில் சேதி வந்தது. 1961-இல் மான் தீவு டி.டி. பந்தயத்தில் மைக் ஹெய்ல்வுட் ஒரே வாரத்தில் மூன்று போட்டி வென்றார். 500 சிசியை வென்றது நார்ட்டனில். 125, 250 இரண்டையும் ஹோண்டாவில். கீழிரண்டு படி ஏற்கெனவே போய்விட்டது.

பிறகு படிப்படியாக நடந்தது. 125 சிசியில் ஜப்பான்காரன் வந்தால் பிரிட்டிஷார் 250-க்குப் போனார்கள். அங்கேயும் வந்தால் 350-க்கு. லாபம் குறைந்த இடத்தைவிட்டு லாபம் உள்ள இடத்துக்கு நகர்கிறோம் என்று கணக்கு. ஒவ்வொரு வருஷத்துக் கணக்குப் புத்தகத்திலும் அது புத்திசாலித்தனமாகவே தெரிந்திருக்கும். 1975-இல் பாஸ்டன் கன்சல்டிங் குரூப் பிரிட்டிஷ் அரசுக்குக் கொடுத்த அறிக்கை இந்தப் பின்வாங்கலைத்தான் நோயாகச் சுட்டியது. லட்சக்கணக்கில் சின்ன வண்டி செய்கிறவனுக்கு ஒவ்வொரு வண்டிக்கும் ஆகும் செலவு குறைகிறது. அந்தக் காசில் புது மெஷின் வாங்குகிறான், அந்த மெஷினில் பெரிய வண்டியும் மலிவாகச் செய்கிறான். கீழே விட்டவனுக்கு மேலே ஒதுங்க இடம் எங்கே?

1969-இல் அந்த இடமும் போனது. ஹோண்டா சிபி750: நாலு சிலிண்டர், முன்சக்கரத்தில் டிஸ்க் பிரேக், பட்டனை அழுத்தினால் ஸ்டார்ட். முந்தைய வருஷம் பி.எஸ்.ஏ. பெருமையோடு இறக்கிய ராக்கெட் 3-இல் மூன்று சிலிண்டர் இருந்தது, நல்ல வேகமும் இருந்தது. ஆனால் டிரம் பிரேக், கிக்கரை உதைத்துத்தான் ஸ்டார்ட் பண்ண வேண்டும்.

கிக்கர் என்றதும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். எம்20-ஐ ஸ்டார்ட் செய்வது ஒரு சின்ன பூஜை. பெட்ரோல் குழாயைத் திறந்து, கார்பரேட்டர் பக்கத்துக் குமிழை விரலால் அமுக்கிப் பெட்ரோல் கசியும்வரை விட வேண்டும். ஹேண்டில்பாரில் உள்ள லீவரைத் தள்ளித் தீப்பொறியைத் தாமதப்படுத்த வேண்டும். கிக்கரை மெதுவாக மிதித்தால் ஓரிடத்தில் கல் மாதிரி நிற்கும். வால்வைத் தூக்கும் லீவரைப் பிடித்து அந்த இடத்தைத் தாண்டி, கிக்கரை மேலே வரவிட்டு, பிறகு உடம்புப் பாரத்தைப் போட்டு ஒரே மிதி. முதல் ஞாயிறு நான் தீப்பொறி லீவரை மறந்துவிட்டேன். புல்லட் ஓட்டிய திமிர். கிக்கர் திருப்பி அடித்ததில் மூன்று நாள் நொண்டினேன். மாமி மஞ்சள் பற்றுப் போட்டுவிட்டு, "ஒங்க மாமாவுக்கு இது ரெண்டு தடவ ஆயிருக்கு" என்று சமாதானம் சொன்னார்.

இதை ரசிக்கிறவர்கள் இருக்கிறார்கள், நானும் ஒருவன். ஆனால் மோபெனி ஃபேக்டரியில் காலை ஷிஃப்டுக்கு ஓட வேண்டிய ஆளுக்கு இது ரசனையா? அவர் ஹோண்டாவுக்குப் போனதில் எந்தத் துரோகமும் இல்லை.

எண்ணெய் ஒழுகலும் அப்படித்தான். பழைய பிரிட்டிஷ் வண்டிக்காரர்களிடம் ஒரு ஜோக் உண்டு: அடியில் எண்ணெய் சொட்டவில்லை என்றால் உள்ளே எண்ணெய் தீர்ந்துவிட்டது. எம்20-இல் என்ஜினிலிருந்து கிளட்சுக்குப் போகும் பிரைமரி செயினின் மூடி வெறும் தகரம், ஸ்குரூ போட்டு இறுக்கியது. எவ்வளவு இறுக்கினாலும் ஒழுகும். அதிகம் இறுக்கினால் தகரம் நெளிந்து இன்னும் ஒழுகும். என்ஜின் கூடும் இரண்டு பாதியாக மேலிருந்து கீழாகப் பிளந்தது; எண்ணெய் தேங்கும் அடிப்பக்கம்வரை இணைப்பு ஓடுகிறது. ஹோண்டா தன் இரட்டை சிலிண்டர் வண்டிகளில் கூட்டைக் கிடைமட்டமாகப் பிளந்து இணைப்பை எண்ணெய்க்கு மேலே வைத்தது. அப்படிச் செய்ய நல்ல மெஷின் வேண்டும். பி.எஸ்.ஏ.வின் பல மெஷின்கள் போருக்கு முந்தையவை.

போன வருஷம் என்ஜின் பக்கத்து டைமிங் மூடிக்கு ஒரு கேஸ்கெட், அதாவது எண்ணெய் ஒழுகாமல் இடையில் வைக்கும் தாள், தேவைப்பட்டது. வெளிநாட்டுக் கடை ஒன்றிலிருந்து நான்தான் வரவழைத்தேன். ஆறு வாரம் கழித்து வேறு மாடலின் கேஸ்கெட் வந்து சேர்ந்தது. மாமா ஒன்றும் பேசவில்லை. கேஸ்கெட் பேப்பரை மூடியின் மேல் விரித்து, உருண்டைத் தலைச் சுத்தியலால் விளிம்போடு டொக் டொக்கென்று தட்டிக்கொண்டே போனார். மூடியின் விளிம்பே கத்தியாகி பேப்பர் அச்சு அசலாக வெட்டுப்பட்டது. போல்ட் ஓட்டைகளின் மேல் ஒரு பேரிங் குண்டை வைத்து ஒரு தட்டு, வட்டமாகத் துண்டு விழுந்தது. பத்து நிமிஷம். இங்கே இந்த வண்டிகள் ஓடுவது இப்படித்தான். ஸ்பானர்கூட வேறு: விட்வொர்த் அளவு. ஸ்பானரில் எழுதியிருக்கும் எண் நட்டின் அகலத்தைக் குறிப்பதல்ல, அது எந்தத் தடிமன் போல்ட்டுக்கு என்பதைக் குறிப்பது. மில்லிமீட்டர் ஸ்பானரோடு வருகிற மெக்கானிக் பையன்கள் அதைப் பார்த்து முழிப்பார்கள்.

முடிவு சீக்கிரம் வந்தது. 1971 வண்டிகளுக்காக பி.எஸ்.ஏ. குழுமம் பெரும் செலவில் ஒரு புது ஃபிரேமை வடிவமைத்தது. ஃபிரேமின் குழாய்க்குள்ளேயே எண்ணெய் இருக்கும். வரைபடம் தாமதமாக வந்தது. டிரையம்ப் தொழிற்சாலையில் என்ஜினை உள்ளே இறக்கிப் பார்த்தால் இறங்கவில்லை; மேல் மூடிகளைக் கழற்றி, மாற்றி, எப்படியோ நுழைத்தார்கள். சீட்டோ சராசரி ஆளுக்குக் கால் எட்டாத உயரம். அமெரிக்காவில் வசந்த காலத்து விற்பனை கையைவிட்டுப் போனது. 1973-இல் பி.எஸ்.ஏ.வின் மோட்டார் சைக்கிள் தொழில் நார்ட்டன் வில்லியர்ஸ் டிரையம்ப் என்ற புதுக் கம்பெனிக்குள் கரைந்தது. டிரையம்ப்பின் மெரிடன் தொழிற்சாலையை மூடப்போகிறார்கள் என்றதும் தொழிலாளிகள் வாசலை அடைத்து உட்கார்ந்தார்கள். பிறகு கூட்டுறவாக 1983 வரை ஓட்டினார்கள். வெலோசெட் 1971-லேயே போயிருந்தது. அதைக் குடும்பமாக நடத்திய குட்மேன்கள் அருமையான வண்டிகள் செய்தார்கள். 1961-இல் 24 மணி நேரம் சராசரி 100 மைல் வேகத்தில் ஓடிய 500 சிசி அவர்களுடையது. அதே சமயம் விற்காத ஒரு ஸ்கூட்டரில் பணத்தைக் கொட்டினார்கள்.

இதில் ஒன்று மட்டும் தப்பித்தது, அதுவும் நம்ம ஊரில். ராயல் என்ஃபீல்டுக்கு இங்கிலாந்தில் 1970-இல் கதை முடிந்தது. ஆனால் 1955-இல் இந்திய ராணுவத்துக்கு புல்லட் வேண்டும் என்று மெட்ராஸ் மோட்டார்ஸ் அவர்களோடு கூட்டுச் சேர்ந்திருந்தது. திருவொற்றியூர் தொழிற்சாலை அப்படி வந்தது. அங்கே புல்லட் பிழைத்தது அது நல்ல வண்டி என்பதால் மட்டுமில்லை. லைசென்ஸ் ராஜ் காலத்தில் வெளிநாட்டு வண்டி உள்ளே வர முடியாது. ராணுவமும் போலீஸும் வாங்கின. மற்றவர்கள் வேறு வழியில்லாமல் வாங்கினார்கள், அல்லது பெயர் பதிந்துவிட்டுக் காத்திருந்தார்கள். டர்பன் கடையில் ஹோண்டாவும் பி.எஸ்.ஏ.வும் பக்கத்துப் பக்கத்தில் நின்றபோது வாங்குகிறவன் கை எந்தப் பக்கம் போனதோ, அந்தச் சோதனை மெட்ராஸ் புல்லட்டுக்கு எண்பதுகள் வரை வரவே இல்லை. மாமாவிடம் இதைச் சொன்னால், "அப்போ கதவ சாத்திக்கிட்டதால பொழச்சான்" என்பார். சாத்திய கதவுகளைப் பற்றி அவருக்கு வேறு ஞாபகங்கள் உண்டு என்பதால் நான் அந்தப் பேச்சை வளர்ப்பதில்லை.

இப்போது பெயர்கள் எங்கே என்று பார்த்தால் வியப்பாக இருக்கும். டிரையம்ப் பெயரை 1983-இல் ஜான் புளூர் என்ற கட்டுமானத் தொழிலதிபர் வாங்கி, ஹிங்க்லியில் புதுத் தொழிற்சாலை கட்டி உயிர் கொடுத்தார். 2023-லிருந்து அதன் 400 சிசி வண்டிகளைப் புனேக்காரரான பஜாஜ் செய்கிறது. அமெரிக்க இந்தியன் 1953-இல் நின்று, பல கை மாறி, 2011-இல் போலாரிஸிடம் போய் மீண்டது. பி.எஸ்.ஏ. 2016-இல் மஹிந்திரா குழுமத்தின் கிளாசிக் லெஜண்ட்ஸ் கைக்கு வந்து, 2021-இல் கோல்டு ஸ்டார் என்ற பழைய பெயரில் புது வண்டி இறங்கியது. நார்ட்டனை 2020-இல் 1.6 கோடி பவுண்டுக்கு வாங்கியது டி.வி.எஸ்., ஓசூர்க்காரர்கள். இவர்களில் பஜாஜும் டி.வி.எஸ்.ஸும் வளர்ந்தது பிரிட்டிஷார் வேண்டாம் என்று விட்டுப்போன சின்ன வண்டிகளை விற்ற பணத்தில்.

மாமாவுக்கு இந்தப் புதுப் பெயர்ப் பலகைகளில் ஆர்வம் இல்லை. புது கோல்டு ஸ்டாரின் படத்தைப் போனில் காட்டினேன். டேங்கைப் பெரிதாக்கிப் பார்த்தார், என்ஜினைப் பார்த்தார். "எண்ணெய் ஒழுகுமா?" என்றார். ஒழுகாது என்றேன். "அப்போ அது வேற வண்டி" என்று போனைத் திருப்பிக் கொடுத்தார்.

அன்றைக்கு மாமி மளிகைச் சாமான் ஆப்பில் ஆர்டர் போட்டிருந்தார். கொண்டுவந்த பையன் கேட்டுக்கு வெளியே நிறுத்திய வண்டி 125 சிசி டி.வி.எஸ். பையைக் கொடுத்துவிட்டு, கராஜ் கதவு திறந்திருந்ததால் எட்டிப் பார்த்தான். இது என்ன வண்டி, எந்த நாட்டில் செய்தது, எவ்வளவு வேகம் போகும் என்று ஜூலு கலந்த ஆங்கிலத்தில் கேட்டான். மாமா அவனை உள்ளே கூப்பிட்டு, தீப்பொறி லீவரைத் தள்ளிவிட்டு, உதைக்கச் சொன்னார். மூன்றாவது உதையில் பிடித்துக்கொண்டது. போனில் அடுத்த ஆர்டர் மணி அடிக்கும்வரை அவன் அங்கேயே நின்று திராட்டிலைத் திருகிக்கொண்டிருந்தான்.